முதலிடம் சரிங்க... மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு வாசிக்க வருதுங்களா? கல்வி அதிகாரியிடம் கேட்க 5 கேள்விகள்

மே மாதம் வந்துவிட்டால் கொங்கு நாட்டு டீக்கடைகளில் ஒரு பேச்சு நிச்சயம் அடிபடும். "பிளஸ் டூ-வுல இந்த வருஷம் நம்ம மாவட்டம் எத்தனாவது இடமுங்க?"

அப்படிக் கேட்பதற்குத் திருப்பூர் மாவட்டத்துக்காரர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. 2019-ல் 95.37 சதவிகிதத் தேர்ச்சியோடு மாநிலத்திலேயே முதலிடம். 2020-ல் 97.12 சதவிகிதம், மறுபடியும் முதலிடம். 2024-ல் 97.45 சதவிகிதம், மீண்டும் முதலிடம். பனியன் தைக்கும் ஊர், தறி ஓட்டும் ஊர் என்று பெயரெடுத்த மாவட்டம் படிப்பிலும் முன்னால் நிற்பது சாதாரண விஷயம் இல்லை.

2025-ல் ஒரு வேடிக்கை நடந்தது. தேர்ச்சி விகிதம் 97.53 ஆக உயர்ந்தது. ஆனால், அரியலூரும் ஈரோடும் அதைவிட அதிகம் வாங்கிவிட்டதால் திருப்பூருக்கு மூன்றாமிடம். பிள்ளைகள் முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகத் தேர்ச்சி பெற்றும், 'சறுக்கிவிட்டது' என்ற பேச்சு வந்தது. அப்படியென்றால், இந்த 'இடம்' என்பது பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எவ்வளவு சொல்கிறது? ஒரு மாவட்டத்தின் பள்ளிகளை நடத்தும் அதிகாரி எதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்?

வெள்ளகோவிலில் தறி ஓட்டும் ஒரு பெற்றோர் அந்த அதிகாரியின் எதிரில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச முடிந்தால் என்ன கேட்கலாம் என்று பார்ப்போம்.

யார் இந்த சி.இ.ஓ.?

கலெக்டரைத் தெரியும். எஸ்.பி-யைத் தெரியும். முதன்மைக் கல்வி அலுவலர் யார் என்று கேட்டால் பல பெற்றோர்களுக்குத் தெரியாது. 'சி.இ.ஓ.' என்று பள்ளிக்கூட வட்டாரத்தில் சொல்வது இவரைத்தான். மாவட்டத்தில் உள்ள பள்ளிக்கல்வித்துறைக்கு இவர்தான் தலைவர்.

அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர்கள். 2022-ல் பள்ளிக்கல்வித்துறை நிர்வாகம் மாற்றி அமைக்கப்பட்டபோது தொடக்கக் கல்விக்கு ஒருவர், இடைநிலைக் கல்விக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர் என்று வேலை பிரிக்கப்பட்டது. அவர்களுக்கும் கீழே, ஒன்றிய அளவில் வட்டாரக் கல்வி அலுவலர்கள். திருப்பூர் மாவட்டத்தில் உள்ள 13 ஊராட்சி ஒன்றியங்களில் வெள்ளகோவிலும் ஒன்று. ஊரில் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் இல்லை என்றால், அந்தச் செய்தி தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் என்று படியேறித்தான் சி.இ.ஓ-வின் மேஜைக்குப் போகிறது.

வெள்ளகோவில் இருப்பது மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில். 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது, ஈரோடு மாவட்டத்திலிருந்து காங்கேயம், தாராபுரம் பகுதிகளோடு சேர்ந்து வந்த ஊர். மாவட்டத் தலைநகர் 40 கிலோமீட்டருக்கும் மேலே. திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனுவோடு போக வேண்டும் என்றால், காங்கேயம் வழியாகப் பஸ் பிடித்துப் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். விளிம்பில் இருக்கும் ஊருக்கு, அதிகாரியின் முன்னுரிமை என்ன என்பது அதனாலேயே முக்கியம். நகரத்தில் உள்ளவர்கள் நேரில் போய் ஞாபகப்படுத்தலாம். இங்கே இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

கேள்வி 1: ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ எழுதினார்கள்?

தேர்ச்சி விகிதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது? தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் கணக்கு. தேர்வு அறைக்கே வராத பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் 100 பேர் சேர்கிறார்கள். நடுவில் 15 பேர் நின்றுவிடுகிறார்கள். மீதி 85 பேர் பிளஸ் டூ எழுதி, 83 பேர் தேறுகிறார்கள். தேர்ச்சி விகிதம் 97.6 சதவிகிதம். பள்ளி வாசலில் பேனர் கட்டலாம். ஆனால், சேர்ந்த நூறு பேரில் கரை சேர்ந்தவர்கள் 83 பேர்தான். அந்த 15 பேர் எங்கே போனார்கள்?

வெள்ளகோவில் பக்கம் இதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். விசைத்தறிக் கூடம், தேங்காய் உலர்களம், எண்ணெய் ஆலை, கொஞ்சம் தள்ளிப் போனால் பனியன் கம்பெனி. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று தவிக்கும் ஊரில், பதினைந்து வயசுப் பையனுக்கு வேலை கிடைப்பது கஷ்டமே இல்லை. 'படிச்சு என்ன பண்ணப் போறே' என்று கேட்பவர்களும் சுற்றிலும் இருப்பார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலையில் வைப்பதை 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் தடை செய்கிறது. 14 முதல் 18 வயது வரை ஆபத்தான தொழில்களில் சேர்க்கக் கூடாது. சட்டம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அடிக்கடி லீவு எடுக்க ஆரம்பிக்கும் பிள்ளையை முதல் வாரத்திலேயே கவனிப்பது யார்?

இன்றைக்கு ஒவ்வொரு மாணவரின் விவரமும், அன்றாட வருகையும் 'எமிஸ்' இணையதளத்தில் ஏறுகின்றன. விவரம் அதிகாரியிடம் இருக்கிறது. அதைத் தேர்ச்சிப் பட்டியலைப் பார்க்கும் அதே ஆர்வத்தோடு பார்க்கிறாரா என்பதுதான் முன்னுரிமை.

கேள்வி 2: என் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா?

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அதாவது, 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டிய குழந்தை, வகுப்பறையைப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. 'அ, ஆ' எழுதிப் பழக வேண்டிய ஆண்டே கையை விட்டுப் போயிருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையில்லாமல் வாசிக்கவும், எழுதவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது நோக்கம். முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை இருந்தது. பிறகு 4, 5-ம் வகுப்புகளுக்கும் வந்தது. இதில் பிள்ளைகளின் கற்றல் நிலையை வைத்து 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் ஒரு குழந்தை அரும்பு நிலையில் இருக்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அடுத்த ஆண்டும் அதே நிலையில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

'நல்லாப் படிக்கறானுங்களா?' என்று ஆசிரியரிடம் பொதுவாகக் கேட்டால், 'பரவாயில்லைங்க' என்று பொதுவாகத்தான் பதில் வரும். 'எந்த நிலையில் இருக்கிறான், ஜூனில் எங்கே இருந்தான்?' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கும். இதே கேள்வியை மாவட்ட அளவில் சி.இ.ஓ-விடமும் கேட்கலாம்: போன ஆண்டு அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் மலருக்கு வந்தார்கள்?

பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு ஒரு நாள், ஒரு பட்டியல், ஒரு பேட்டி உண்டு. மூன்றாம் வகுப்புக் குழந்தை முதன்முறையாகத் தட்டுத் தடுமாறாமல் ஒரு பத்தி வாசிப்பதற்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அதனால்தான் அதை ஒரு தலைவர் வலிந்து கவனிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி 3: இரண்டு டீச்சரில் ஒருவர் ட்ரெயினிங் போனால்?

கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள். கிராமங்களில் ஈராசிரியர் பள்ளிகள் இருப்பது இதனால்தான். கணக்குப் பார்த்தால் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், சரியாகத்தான் தெரியும். ஆனால், வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இரண்டு.

அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். பதிவேடு, எமிஸ் பதிவு, விலையில்லாப் பொருட்கள் வாங்கி வருவது, வட்டாரக் கூட்டம் எல்லாம் அவர் தலையில். இன்னொருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், அன்றைக்கு ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில். ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் மாதக்கணக்கில் இதே நிலைமை.

ஆசிரியர்களைப் புதிதாக நியமிக்கும் அதிகாரம் சி.இ.ஓ-விடம் இல்லை. அது மாநில அளவில் நடக்கிறது. ஆனால், பிள்ளைகள் குறைவாக இருக்கும் பள்ளியிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக மாற்றுப் பணிக்கு அனுப்புவது, ஒரே பள்ளியின் இரண்டு பேரையும் ஒரே வாரம் பயிற்சிக்கு அழைக்காமல் பார்த்துக்கொள்வது, அலைபேசியிலேயே முடியும் விவரத்துக்காகக் கூட்டம் போடாமல் இருப்பது போன்றவை மாவட்ட நிர்வாகம் மனசு வைத்தால் நடக்கக்கூடியவை. இதற்குப் பணம் தேவையில்லை. ஈராசிரியர் பள்ளியின் காலை நேரம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

கேள்வி 4: தமிழ் தெரியாத பிள்ளைக்கு யார் பேசுவது?

திருப்பூர் பகுதிக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இப்போது குடும்பத்தோடு வசிக்கிறார்கள். தறிக்கூடத்துப் பக்கத்து வரிசை வீடுகளில் அவர்களின் குழந்தைகள் விளையாடுவதைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. அவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்களா?

டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்பது 2006-ன் தமிழ் கற்றல் சட்டம். ஒடியா மட்டுமே பேசும் பத்து வயதுக் குழந்தையை ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் மட்டும் சட்டம் நிறைவேறிவிடாது. அந்தக் குழந்தைக்குத் தமிழ் சொல்லித்தர ஒருவர், சிறிது காலம், தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

தேர்ச்சிப் பட்டியலில் இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் தெரியவே மாட்டார்கள். அடுத்த சீசனுக்குக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விடும். ஓட்டு இல்லை, மனு கொடுக்க மொழி இல்லை. யாரும் கேட்காத பிள்ளைக்காக ஓர் அதிகாரி தானாகக் கேட்கிறாரா என்பதில்தான் அவருடைய தலைமைக்கு உண்மையான பரீட்சை.

ஒரு பழைய கதை: முன்னுரிமை என்றால் என்ன?

கல்வியில் தலைமைப் பண்பு பற்றிப் பேச, வெளியூர் உதாரணங்களைத் தேட வேண்டாம். கொங்கு மண்ணே இரண்டு கல்வி அமைச்சர்களைத் தந்திருக்கிறது. ஒருவர் திருப்பூரில் பிறந்த தி.சு.அவினாசிலிங்கம். 1930-ல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். தமிழில் கலைக்களஞ்சியம் உருவாகக் காரணமானவர். இன்னொருவர் பொள்ளாச்சி பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தைச் சேர்ந்த சி.சுப்பிரமணியம்.

1953-ல் முதலமைச்சர் ராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பாடம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். 'குலக்கல்வி' என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954-ல் ராஜாஜி விலகினார். அடுத்த தலைவருக்கான போட்டியில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி.சுப்பிரமணியம். தோற்றார். வென்ற காமராஜர், தன்னோடு மோதியவரையே அமைச்சரவையில் சேர்த்து, கல்விப் பொறுப்பையும் கொடுத்தார். அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று 1954 மே மாதம் அறிவித்ததும் அதே சி.சுப்பிரமணியம்தான்.

யார் என் ஆள் என்று பார்க்காமல், யாரால் வேலை நடக்கும் என்று பார்த்தது காமராஜரின் தலைமை. பழைய முடிவைத் திருத்திக்கொண்டு, அடுத்த எட்டு ஆண்டுகள் பள்ளிகளைப் பெருக்கும் வேலையில் இறங்கியது சி.எஸ்-ஸின் தலைமை.

இவர்களோடு மூன்றாவதாக ஓர் அதிகாரி இருந்தார். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு. பள்ளி இருந்தும் ஏழைப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்குக் கிடைத்த பதில், பசி. ஊர்க்காரர்கள் தந்த தானியத்தையும் நன்கொடையையும் நம்பித் தொடங்கிய மதிய உணவு, 1956-ல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கி வைத்த திட்டமாகி, பிறகு அரசுப் பணமும் சேர்ந்து வளர்ந்தது. அதோடு, ஊர் ஊராகப் 'பள்ளிச் சீரமைப்பு மாநாடு' நடத்தி, கட்டடம், பெஞ்சு, கரும்பலகை என்று மக்களையே தர வைத்தார் நெ.து.சு. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு எல்லாம் அந்தப் பாதையில் வந்தவையே.

நூறு வேலை இருந்திருக்கும். அவர்கள் ஒரே ஒரு கேள்வியை முன்னால் வைத்தார்கள்: பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை? மற்றவை அதன் பின்னால் வந்தன.

கேள்வி 5: பள்ளிக்கு வந்த பணம் எங்கே செலவானது?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கைதான் அளவுகோல். 30 பேர் வரை ரூ.10,000, 100 பேர் வரை ரூ.25,000, 250 பேர் வரை ரூ.50,000; 1,000 பேர் வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1 லட்சம். சுண்ணாம்பு, குழாய், கழிவறைத் தாழ்ப்பாள் எல்லாம் இதில்தான் பார்க்க வேண்டும். 2024-25-ல் இந்தத் திட்டத்துக்கான ரூ.2,152 கோடி தமிழ்நாட்டுக்கு வராமல், மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே பெரும் பிரச்னையானது. அதை ஒரு சி.இ.ஓ-வால் தீர்க்க முடியாது. ஆனால், வந்த பத்தாயிரம் எதற்குப் போனது என்று சொல்ல முடியும். பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவு முதலில் சரியாக வேண்டுமா, சுற்றுச்சுவருக்குப் பெயின்ட்டா என்று தீர்மானிப்பதும் முன்னுரிமைதான்.

சரி, யாரிடம், எப்படிக் கேட்பது?

இதற்காகத் திருப்பூர் போய் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. எல்லா அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தலைவரும் ஒரு பெற்றோர்தான். பள்ளிக்கு என்ன தேவை என்று வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் உரிமை இந்தக் குழுவுக்கு உண்டு.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பல ஊர்களில் கையெழுத்து வாங்கும் கூட்டமாகவே அது முடிந்துவிடுகிறது. தறியை நிறுத்திவிட்டு வந்த அம்மாவுக்குச் சீக்கிரம் திரும்ப வேண்டும். டீச்சருக்கும் ஆயிரம் வேலை. அதனால் மூன்று விஷயங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஒன்று, வாயால் சொல்லும் குறை காற்றோடு போகும். தீர்மானமாக நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தீர்மானம் என்றால் மேலே அனுப்பியாக வேண்டும்.

இரண்டு, ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு விஷயம். பத்துக் குறை எழுதினால், அதிகாரி எளிதான ஒன்றை முடித்துவிட்டு மீதியை மறந்துவிடலாம்.

மூன்று, அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக, 'போன தீர்மானம் என்னாச்சுங்க?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி, வட்டாரக் கல்வி அலுவலரிலிருந்து சி.இ.ஓ. வரை எல்லோரையும் பதில் சொல்ல வைக்கும்.

சேர்க்கை, உதவித்தொகை, மேற்படிப்பு சந்தேகங்களுக்குக் கல்வி வழிகாட்டி எண் 14417. பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தை வேலையில் இருப்பதைப் பார்த்தால் 1098. இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

சி.இ.ஓ-க்கள் மாறுவார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளில் இன்னொருவர் வருவார். அவருக்கு வெள்ளகோவில் எந்தப் பக்கம் என்றே புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஊரும், பள்ளியும், பெற்றோரும்தான் மாறாமல் இருப்பவர்கள். எது முதல் வேலை என்பதை வருகிற அதிகாரிக்குச் சொல்லித்தர வேண்டியதும் அவர்கள்தான்.

நாளைக் காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடும்போது, அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்தத் தேதி என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கேள்வியும் வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு எது அவசரமோ, அந்த ஒன்றை மட்டும் கொண்டுபோங்கள்.